ஓர் ஆங்கிலப் பெயரின் பொருளும் புழக்கமும்: ராபர்ட்டை வைத்துக் கற்றுக்கொள்வோம்

ராபர்ட் என்ற பெயருக்கு என்ன அர்த்தம் என்று தேடினால் ‘ஒளிரும் புகழ்’ என்று உடனே விடை கிடைத்துவிடும். அந்த விடை தவறில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு அதிக தூரம் போக முடியாது. கதையில் பத்துப் பக்கம் ராபர்ட்டாக இருந்தவரை அவர் தங்கை திடீரென்று பாப் என்று கூப்பிடுகிறாள். புதிதாக ஒருவர் வந்துவிட்டார் என்று நினைத்துக் குழம்புகிறோம். அலுவலகக் கடிதத்தில் ‘டியர் மிஸ்டர் ராபர்ட்’ என்று எழுதுகிறோம். படிப்பவருக்கு ஏதோ இடிக்கிறது. செய்தியில் ராபின் என்று ஒரு பெயர் வருகிறது; அவரா, அவளா என்று தெரியாமல் மொழிபெயர்ப்பு பாதியில் நிற்கிறது.

பெயரின் அகராதிப் பொருளைவிட, அது எந்த வழியாக வந்தது, எப்படிச் சுருங்கியது, எந்தத் தலைமுறைக்கு உரியது, யார் யாரை எப்படி அழைக்க உதவுகிறது என்பவைதான் ஆங்கிலப் பெயரை நமக்குப் புரிய வைக்கும். இதை ராபர்ட் என்ற ஒரே பெயரை வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம். இந்தப் பெயரில் பழக்கம் வந்துவிட்டால் வேறு எந்தப் பெயரையும் இதே முறையில் நீங்களே பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதல் படி: முழுப்பெயரைப் பிரித்துப் பாருங்கள்

ராபர்ட் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ராபர்ட் அவருக்கு வைத்த பெயர். ஹாரிசன் குடும்பப் பெயர். நடுவில் உள்ள ஜேம்ஸ் நடுப்பெயர். நடுப்பெயர் என்றவுடன் அப்பா பெயர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அது தாத்தாவின் பெயராக இருக்கலாம், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயராக இருக்கலாம், பெற்றோருக்குப் பிடித்த இன்னொரு பெயராகவும் இருக்கலாம். அமெரிக்க அதிபர் ஹாரி எஸ் ட்ரூமனின் ‘எஸ்’ எந்தப் பெயருக்கும் சுருக்கம் இல்லை. தாத்தாக்கள் இருவரின் பெயரிலும் அந்த எழுத்து வருவதால் இருவருக்கும் பொதுவாக அதை மட்டும் வைத்தார்கள்.

நடுப்பெயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிலர் முதல் பெயரை விட்டுவிட்டு நடுப்பெயராலேயே அறியப்படுவார்கள். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கார்டன் பிரவுனின் முழுப்பெயர் ஜேம்ஸ் கார்டன் பிரவுன். ஹரால்ட் வில்சனின் முதல் பெயரும் ஜேம்ஸ்தான். பாடகர் பால் மெக்கார்ட்னியும் அப்படித்தான். ஆவணத்தில் ஜேம்ஸ் என்றும் பேச்சில் கார்டன் என்றும் இருந்தால் அது பிழை இல்லை.

பட்டியல்களில் ‘ஹாரிசன், ராபர்ட் ஜேம்ஸ்’ என்று குடும்பப் பெயரை முன்னால் போட்டுக் காற்புள்ளி வைப்பார்கள். காற்புள்ளி இருந்தால் முன்னால் இருப்பது குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளலாம். குடும்பப் பெயரே இரண்டு சொல்லாக இருப்பதும் உண்டு. இசையமைப்பாளர் ரேஃப் வாகன் வில்லியம்ஸின் குடும்பப் பெயர் வெறும் வில்லியம்ஸ் இல்லை, வாகன் வில்லியம்ஸ். நடுவில் இணைப்புக்கோடு இல்லாததால் பலர் இங்கே தவறிவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். இதில்தான் சுவையும் அதிகம்.

ராபர்ட் ஜெர்மானிய மொழிகளின் பெயர். ‘ஹ்ரோத்’ என்றால் புகழ், ‘பெரஹ்த்’ என்றால் ஒளிமிக்கது. இன்றைய ஆங்கிலத்தின் ‘பிரைட்’ என்ற சொல் இந்த இரண்டாவது உறுப்புக்கு உறவு. பழைய ஜெர்மானியப் பெயர்கள் பெரும்பாலும் இப்படி இரண்டு உறுப்புகளை ஒட்டி ஆக்கப்பட்டவை. அந்த இரண்டையும் சேர்த்து ஒரு முழு வாக்கியப் பொருள் வரவேண்டும் என்று அன்றைய மக்கள் நினைத்ததாகத் தெரியவில்லை. அப்பா பெயரில் ஓர் உறுப்பு, அம்மா பெயரில் ஓர் உறுப்பு என்று எடுத்து ஒட்டிய பெயர்களும் உண்டு. எனவே ‘புகழ்’, ‘ஒளி’ என்று இரண்டு உறுப்புகளாகத் தெரிந்துகொள்வதே நேர்மையானது. ‘தன் புகழால் உலகுக்கே ஒளி தருபவன்’ என்றெல்லாம் நீட்டி எழுதும் விளக்கங்களை நம்பாதீர்கள்.

உறுப்புகளைத் தெரிந்துகொண்டால் ஒரு பெயரோடு நிற்காது. ‘பெரஹ்த்’ ஆல்பர்ட், கில்பர்ட், ஹெர்பர்ட், ஹியூபர்ட் என்ற பெயர்களின் வாலில் இருக்கிறது. பெர்த்தா என்ற பெண்பெயர் முழுக்க அதிலிருந்து வந்ததுதான். ‘ஹ்ரோத்’ ரோஜர், ரோலண்ட், ருடால்ஃப் பெயர்களின் தலையில் இருக்கிறது. ரோஜர் என்றால் புகழும் ஈட்டியும், ருடால்ஃப் என்றால் புகழும் ஓநாயும். ரிச்சர்டில் அதிகாரமும் உறுதியும், வில்லியமில் மன உறுதியும் தலைக்கவசமும், எட்வர்டில் செல்வமும் காவலும். இப்படி இருபது உறுப்புகளைக் குறித்து வைத்துக்கொண்டால் பழைய பெயர்களில் ஒரு பெரிய பங்கு திறந்துவிடும்.

ராபர்ட் இங்கிலாந்தில் வேரூன்றியது பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்களால். 1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். அவருடைய அப்பா பெயர் ராபர்ட், மூத்த மகன் பெயரும் ராபர்ட். புதிய பிரபுக்களோடு வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஹென்றி, ரேஃப் என்ற பெயர்கள் வந்து இறங்கின. அடுத்த சில தலைமுறைகளில் சாதாரண மக்களும் இந்தப் பெயர்களையே வைத்தார்கள். பழைய ஆங்கிலப் பெயர்களில் பெரும்பாலானவை வழக்கொழிந்தன. எட்வர்ட் தப்பித்ததற்குக் காரணம் பக்தி. மூன்றாம் ஹென்றி மன்னர், நார்மன்களுக்கு முந்தைய ஆங்கில மன்னரான புனித எட்வர்டின் மேல் வைத்த பற்றால் 1239-இல் பிறந்த தன் மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார். அதன்பின் அரச குடும்பத்தில் எட்வர்டுகள் வரிசையாக வந்தார்கள்.

ஆங்கிலப் பெயர்களுக்கு இன்னும் சில ஊற்றுகள் உண்டு. பைபிள் வழியாக எபிரேயம், அரமேயம், கிரேக்கப் பெயர்கள் வந்தன: ஜான் என்றால் கடவுள் அருளுள்ளவர், தாமஸ் என்றால் இரட்டையர், பீட்டர் என்றால் பாறை. ஜேம்ஸும் ஜேக்கபும் ஒரே மூலப் பெயரின் இரண்டு வடிவங்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறித்தவர்கள் பேஷன்ஸ், ப்ரூடன்ஸ், ஃபெய்த், ஹோப் போன்ற குணப்பெயர்களைப் பரப்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லில்லி, டெய்சி, வயலட், ஐவி என்று செடியும் பூவும் பெயராயின. எழுத்தாளர்கள் உருவாக்கிய பெயர்களும் உண்டு. வனெஸ்ஸா என்ற பெயரை ஜோனதன் ஸ்விஃப்ட் தன் தோழி ஒருவரின் பெயரின் துண்டுகளைச் சேர்த்துச் செய்தார்.

குணப்பெயர், பூப்பெயர் வகையில் மட்டும்தான் ஆங்கிலம் பேசுபவர் காதில் பொருள் நேரடியாக விழும். ஹோப் என்று கூப்பிடும்போது நம்பிக்கை என்ற சொல் கேட்கிறது. ராபர்ட் என்று கூப்பிடும்போது புகழும் கேட்பதில்லை, ஒளியும் கேட்பதில்லை. குழந்தைக்கு ராபர்ட் என்று வைத்த அம்மாவைக் கேட்டால், பெரும்பாலும் தாத்தாவின் பெயர் என்றோ கேட்க நன்றாக இருக்கிறது என்றோதான் சொல்வார். மொழிபெயர்ப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. கதையில் ராபர்ட் வரும் இடத்தில் புகழ், ஒளி என்று குறிப்பு எழுதினால் ஆசிரியர் நினைக்காத ஒன்றை நாம் திணிக்கிறோம். ஃபெய்த் என்று பாத்திரம் வந்தால் மட்டும் சற்று நின்று யோசிக்க வேண்டும்; ஆசிரியர் வேண்டுமென்றே வைத்திருக்கக்கூடும்.

நல்ல விளக்கத்தையும் மோசமான விளக்கத்தையும் பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். நல்ல விளக்கம் மொழியைச் சொல்லும், பழைய வடிவத்தைச் சொல்லும், எப்படி மாறி வந்தது என்று சொல்லும், தெளிவில்லாத இடத்தில் தெளிவில்லை என்று ஒப்புக்கொள்ளும். மேரி என்ற பெயரின் மூலப்பொருளில் அறிஞர்களுக்கு இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ‘அழகானவள்’, ‘வெற்றியாளன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பட்டியல்கள் பெயர் தேடும் பெற்றோரைச் சந்தோஷப்படுத்த எழுதப்பட்டவை. ஒரே பெயருக்கு ஒரு பட்டியல் கிரேக்கம் என்கிறது, இன்னொன்று செல்டிக் என்கிறது என்றால் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டுப் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட பெயர் அகராதி ஒன்றைப் பாருங்கள்.

மூன்றாம் படி: சுருக்கப் பெயர்களைச் சேகரியுங்கள்

ராபர்ட்டின் சுருக்கம் ராப் என்றால் யாருக்கும் புரியும். பாப் எங்கிருந்து வந்தது? இடைக்கால இங்கிலாந்தில் ஒரு தெருவில் நாலைந்து ராபர்ட்டும் நாலைந்து வில்லியமும் இருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே சுருக்கம் என்றால் யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரியாது. அதனால் முதல் எழுத்தை மாற்றி எதுகை போட்டார்கள். ராப் என்பது ஹாப் ஆனது, டாப் ஆனது. பாப் அவற்றுக்குப் பின்னால் வந்தது. ரிச்சர்ட் ரிக் ஆகி, ரிக் டிக் ஆனது. வில் என்பது பில் ஆனது. மார்கரெட் மெக் ஆகி பெக் ஆனது. மேரி மோலி ஆகி போலி ஆனது.

மாற்றங்களுக்கு இன்னும் இரண்டு பொது வழிகள் உண்டு. ‘ர’ ஒலி ‘ல’ ஆகும்: ஹாரி ஹால் ஆனதும், சாரா சாலி ஆனதும், மேரி மோலி ஆனதும் இப்படித்தான். அடுத்தது, பெயருக்கு முன்னால் ஒரு ‘ந்’ வந்து ஒட்டிக்கொள்வது. பழைய ஆங்கிலப் பேச்சில் ‘என்னுடைய எட்’ என்பதை ‘மைன் எட்’ என்பார்கள். அதை ‘மை நெட்’ என்று பிரித்துக் கேட்டதால் எட்வர்ட் நெட் ஆனார், எல்லன் நெல் ஆனாள், ஆன் ‘நான்’ (Nan) ஆனாள்.

ராபர்ட்டுக்கு இன்று புழங்கும் வடிவங்கள்: ராப், ராபி, பாப், பாபி, சில சமயம் பெர்ட். ஸ்காட்லாந்தில் ராப் என்பதை ‘ராஆப்’ என்று நீட்டாமல் ‘ரப்’ என்பார்கள், செல்லமாக ‘ரபி’. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸை அங்கே இன்றும் ரபி என்றுதான் சொல்கிறார்கள். பிரெஞ்சு வழியாக வந்த செல்ல வடிவம் ராபின். மார்பு சிவந்த அந்தச் சின்னப் பறவையை முதலில் ‘ரெட்பிரெஸ்ட்’ என்றுதான் அழைத்தார்கள். அதற்குச் செல்லமாக மனிதப் பெயரைச் சேர்த்து ‘ராபின் ரெட்பிரெஸ்ட்’ என்றார்கள், பிறகு பெயர் மட்டும் நின்றது. லண்டன் காவலர்களுக்கு ‘பாபி’ என்று பெயர் வந்ததும் ஒரு ராபர்ட்டால்தான். 1829-இல் லண்டன் மாநகரக் காவல்துறையை உருவாக்கிய உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். சுருக்கப் பெயரை வைத்து முழுப்பெயரை நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் முழுப்பெயர் ஜேம்ஸ் ஏர்ல் கார்ட்டர் ஜூனியர். இளவரசர் ஹாரியின் பதிவுப் பெயர் ஹென்றி. ஆனால் ஹாரியின் மகன் ஆர்ச்சி பிறப்புப் பதிவிலேயே ஆர்ச்சிதான், ஆர்ச்சிபால்ட் இல்லை. இப்போது இங்கிலாந்தில் ஆல்ஃபி, சார்லி, ஃப்ரெடி போன்றவற்றை முழுப்பெயராகவே பதிவது மிகச் சாதாரணம். இரண்டாவது, நீங்களாக யார் பெயரையும் சுருக்காதீர்கள். எல்லா ராபர்ட்டும் பாப் அல்ல. ராபர்ட்டாகவே இருக்க விரும்புபவரைப் பாப் என்பது அவருக்கு உரிமை மீறலாகவே படும். கடிதத்தின் அடியில் அவர் எப்படிக் கையெழுத்திடுகிறாரோ அதுதான் அவர் பெயர்.

நான்காம் படி: குடும்பப் பெயரில் அதே பெயரைத் தேடுங்கள்

சுருக்கப் பெயர்களைச் சேகரித்த உழைப்புக்கு இங்கே பலன் கிடைக்கும். ராபர்ட்சன், ராபின்சன், ராப்சன் மூன்றும் ‘ராபர்ட்டின் மகன்’ என்பது சுலபமாகத் தெரிகிறது. ராபர்ட்ஸ் என்பதும் அதே பொருள்தான். கடைசி ‘ஸ்’ உடைமையைக் காட்டுகிறது. ஹாப் என்ற சுருக்கம் பேச்சில் செத்துப்போனாலும் ஹாப்ஸ், ஹாப்சன், ஹாப்கின்ஸ் என்ற குடும்பப் பெயர்களில் உயிரோடு இருக்கிறது. டாப் அதேபோல டாப்ஸ், டாப்சன் பெயர்களில் இருக்கிறது. வேல்ஸ் மொழியில் ‘அப்’ என்றால் மகன். அப் ராபர்ட் சேர்ந்து ப்ராபர்ட் ஆனது. அப் ரிச்சர்ட் ப்ரிச்சர்ட் ஆனது. அப் ஹவெல் பவெல் ஆனது. ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பெயர்களில் ‘மேக்’ மகன், அயர்லாந்தின் ‘ஓ’ பேரன் அல்லது வழித்தோன்றல். நார்மன்கள் கொண்டுவந்த ‘ஃபிட்ஸ்’ என்பதும் மகன்தான்.

மற்ற குடும்பப் பெயர்கள் தொழிலாலும் இடத்தாலும் உடல் அடையாளத்தாலும் வந்தவை. ஸ்மித் கொல்லர், கூப்பர் மரப்பீப்பாய் செய்பவர், ஃப்ளெட்சர் அம்பு செய்பவர், பாக்ஸ்டர் ரொட்டி சுடுபவர். ‘டன்’, ‘லி’, ‘ஹாம்’, ‘பி’ என்று முடிந்தால் பெரும்பாலும் ஊர்ப்பெயர். பிரவுன், ஷார்ட், ஆம்ஸ்ட்ராங் எல்லாம் ஒரு காலத்துப் பட்டப்பெயர்கள். இன்றைய ஸ்மித்துக்கும் இரும்புக்கும் சம்பந்தம் இல்லை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: ஆணா, பெண்ணா?

ராபர்ட் ஆண், ராபர்ட்டா பெண். ராபினில்தான் சந்தேகம். முன்பு ஆண்பெயர், இருபதாம் நூற்றாண்டில் பெண்களுக்கும் பரவியது. நடுவில் ‘ஐ’ எழுத்துக்குப் பதில் ‘ஒய்’ இருந்தால் பெரும்பாலும் பெண். பாபியின் முடிவில் ‘ஐ, இ’ என்று இரண்டு எழுத்து வந்தால் பெண்ணாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஃப்ரான்சிஸ் என்ற பெயரில் கடைசி எழுத்துக்கு முந்தையது ‘ஐ’ என்றால் ஆண், ‘இ’ என்றால் பெண்.

காலமும் பாலை மாற்றும். ஷெர்லி முதலில் ஊர்ப்பெயர், பிறகு குடும்பப் பெயர், பிறகு ஆண்பெயர். சார்லட் பிராண்டி 1849-இல் வெளியிட்ட நாவலில் நாயகிக்கு அந்தப் பெயரை வைத்தபின் அது பெண்பெயராகிவிட்டது. எவ்லின் என்ற பெயரை இன்று பெண்பெயராக நினைக்கிறோம். நாவலாசிரியர் எவ்லின் வா ஆண், அவருடைய முதல் மனைவி பெயரும் எவ்லின். இடமும் மாற்றும்: ஜீன் என்று ஆங்கிலத்தில் படித்தால் பெண், அதே எழுத்துகளை பிரெஞ்சில் படித்தால் ஆண். ஆண்ட்ரியா ஆங்கிலத்தில் பெண், இத்தாலியில் பெரும்பாலும் ஆண். பெயரை மட்டும் வைத்து ஊகிக்காமல் அவரைப் பற்றிய வேறு ஒரு வாக்கியத்தில் ‘ஹி’ வருகிறதா ‘ஷி’ வருகிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு.

ஆறாம் படி: எந்தக் காலத்துப் பெயர்?

ஆங்கிலம் பேசுபவருக்குப் பெயரைக் கேட்டவுடன் ஒரு வயது தோன்றும். அகராதியில் இல்லாத பொருள் இது. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பிறப்புகளின் பெயர்ப் பட்டியலை ஆண்டுவாரியாக வெளியிடுகிறது. அதில் ராபர்ட் 1924 முதல் 1939 வரை தொடர்ந்து ஆண்பெயர்களில் முதலிடத்தில் இருந்தது. இப்போது முதல் ஐம்பதுக்கு வெளியே போய்விட்டது. ஆக, அமெரிக்கக் கதையில் பாப் என்று வந்தால் மனத்தில் ஒரு பெரியவர் தோன்றுவார். பாப் என்று ஒரு ஐந்து வயதுப் பையனை இன்றைய கதையில் பார்த்தால் ஆசிரியர் ஏதோ சொல்ல வருகிறார். இங்கிலாந்து, வேல்ஸ் பெயர்களுக்குத் தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தின் பட்டியல் 1996 முதல் ஆண்டுதோறும் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் கதை எழுதுபவர்கள் பாத்திரத்தின் பிறந்த ஆண்டை முடிவு செய்துவிட்டு அந்த ஆண்டுப் பட்டியலைத் திறந்து பெயர் எடுக்கலாம். என் கணிப்பில் இதைவிடப் பயனுள்ள உத்தி வேறு இல்லை.

ஏழாம் படி: உச்சரிப்பு

ராபர்ட்டில் அழுத்தம் முதல் அசையில். இரண்டாவது அசை மெலிந்து ஒலிக்கும். தென் இங்கிலாந்தில் ‘ராபட்’ என்று ‘ர்’ காணாமல் போகும், அமெரிக்காவில் ‘ர்’ கேட்கும். ஆண்டனியை அமெரிக்காவில் ‘ஆந்தனி’ என்பார்கள். தாமஸ் இரண்டு நாட்டிலும் ‘டாமஸ்’தான். ஸ்டீவனை ‘பி, எச்’ (ph) போட்டு எழுதியிருந்தாலும் பெரும்பாலும் ‘வ’ ஒலிதான். பெனெலபி, ஃபீபி, க்ளோயி, ஜோயி போன்ற கிரேக்கப் பெயர்களில் கடைசி ‘இ’ எழுத்து மௌனமாகாது. ரால்ஃப் என்று எழுதப்படும் பெயரைச் சிலர் பழைய முறையில் ‘ரேஃப்’ என்பார்கள்; முன்னால் பார்த்த வாகன் வில்லியம்ஸ் அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொண்டார்.

அயர்லாந்துப் பெயர்களுக்குத் தனி எழுத்துமுறை. ‘பி, எச்’ (bh) சேர்ந்தும் ‘எம், எச்’ (mh) சேர்ந்தும் ‘வ’ ஒலி தரும். ‘எஸ்’ எழுத்துக்குப் பின் ‘இ’ அல்லது ‘ஐ’ வந்தால் ‘ஷ’. அதனால் ‘எஸ், ஐ, ஓ, பி, எச், ஏ, என்’ என்ற கோவை ஷிவான் ஆகிறது, ‘என், ஐ, ஏ, எம், எச்’ நீவ் ஆகிறது, ‘எஸ், இ, ஏ, என்’ ஷான் ஆகிறது.

எட்டாம் படி: வாக்கியத்தில் எப்படி வரும்?

பெயருக்கு முன்னால் ‘எ’, ‘தி’ வராது என்று பள்ளியில் படித்தோம். வரும் இடங்களும் உண்டு, அங்கே பொருள் மாறும். ‘எ மிஸ்டர் பிரவுன்’ என்றால் பிரவுன் என்று யாரோ ஒருவர், எனக்கு அவரைத் தெரியாது. ‘தி பிரவுன்ஸ்’ என்றால் பிரவுன் குடும்பத்தார். ‘தி ராபர்ட் ஐ நியூ’ என்றால் எனக்குத் தெரிந்த அந்தப் பழைய ராபர்ட், இப்போது ஆள் மாறிவிட்டார் என்ற குறிப்போடு. ‘எ பிகாசோ’ என்றால் பிகாசோ வரைந்த ஓர் ஓவியம்.

பன்மையில் மேற்கோள் புள்ளி (அபாஸ்ட்ரஃபி) போடக்கூடாது. ஜோன்ஸ் குடும்பத்தார் ‘ஜோன்சஸ்’ ஆவார்கள். ஹாரி இரண்டு பேர் என்றால் வெறும் ‘எஸ்’ சேர்த்தால் போதும். கடைசி ‘ஒய்’ எழுத்தை மாற்ற வேண்டாம். உடைமைக்குத்தான் மேற்கோள் புள்ளி. ஜேம்ஸ் போல ‘எஸ்’ எழுத்தில் முடியும் பெயருக்குப் புள்ளி போட்டு இன்னொரு ‘எஸ்’ சேர்ப்பதும் புள்ளியோடு நிறுத்துவதும் இரண்டுமே புழக்கத்தில் உள்ளன. ஒரே கட்டுரைக்குள் ஒன்றையே கடைப்பிடியுங்கள்.

பெயர்கள் சொல்லாகவும் தொடராகவும் மாறும். 1880-இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் குத்தகைதாரர்கள் ஒதுக்கிவைத்த பண்ணை முகவர் சார்லஸ் பாய்காட். அவர் பெயர்தான் இன்றைய பாய்காட். அது சின்ன எழுத்தில் எழுதப்படும் சாதாரண வினைச்சொல்லாகிவிட்டது. ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’ மட்டும் பெரிய எழுத்தை விடவில்லை. கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்ட தாமஸ் ஹாப்சன், கதவுக்கு அருகில் நிற்கும் குதிரையை எடு, இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்பாராம். வேறு வழியே இல்லாத தேர்வுக்கு அந்தப் பெயர். ‘டாம், டிக் அண்ட் ஹாரி’ என்றால் வழியில் போகிற எவரும். ‘பாப்ஸ் யுவர் அங்கிள்’ என்று பிரிட்டனில் யாராவது சொன்னால் மாமாவைத் தேட வேண்டாம். ‘அவ்வளவுதான், வேலை முடிந்தது’ என்று பொருள்.

ஒன்பதாம் படி: அழைப்பது, எழுதுவது

‘மிஸ்டர்’, ‘மிஸ்ஸஸ்’, ‘மிஸ்’ எல்லாம் குடும்பப் பெயரோடு சேரும். நம் ராபர்ட் ஹாரிசன் ‘மிஸ்டர் ஹாரிசன்’. ‘மிஸ்டர் ராபர்ட்’ என்பது மரியாதையாகத் தோன்றினாலும் அவர்கள் வழக்கத்தில் பொருந்தாது. பெண்களுக்கு ‘எம், எஸ்’ என்ற இரண்டெழுத்துச் சுருக்கம் 1970-களிலிருந்து பரவியது. திருமணம் ஆனவரா இல்லையா என்று அது கேட்பதில்லை, எனவே தெரியாதவருக்கு அதுவே நல்லது. பிரிட்டனில் இந்தச் சுருக்கங்களுக்குப் பின் புள்ளி வைப்பதில்லை, அமெரிக்காவில் வைப்பார்கள். பிரிட்டனில் அறுவைச் சிகிச்சை நிபுணர்களை டாக்டர் என்று சொல்லாமல் மிஸ்டர், மிஸ் என்பதே மரபு.

‘சர்’ பட்டத்துக்கு விதி தலைகீழ். அது முதல் பெயரோடு சேரும். ராபர்ட் பீல் ‘சர் ராபர்ட்’ ஆனார், ‘சர் பீல்’ ஆகவில்லை. ஆனால் அவர் மனைவி ‘லேடி பீல்’. இந்த இரண்டையும் மாற்றிப் போடுவது மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி நடக்கிறது.

முதல் கடிதத்தில் ‘டியர் மிஸ்டர் ஹாரிசன்’ என்று தொடங்குங்கள். பதிலில் அவர் ‘ராபர்ட்’ என்று கையெழுத்திட்டிருந்தால் அடுத்த கடிதம் ‘டியர் ராபர்ட்’. ‘பாப்’ என்று இட்டிருந்தால் ‘டியர் பாப்’. அதன்பிறகும் மிஸ்டர் என்று தொடர்ந்தால் விலகி நிற்பதாக நினைப்பார். எழுத வேண்டியவர் ராபின் ஹாரிசன், ஆணா பெண்ணா தெரியவில்லை என்றால் முழுப்பெயரைப் போட்டு ‘டியர் ராபின் ஹாரிசன்’ என்று எழுதினால் போதும். நேரில் பார்க்கும்போது உச்சரிப்பில் ஐயம் இருந்தால் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். அன்று யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால்தான் இருவருக்கும் சங்கடம்.